யூரியாவைக் குறைக்க இருபத்தொரு நாள் அட்டவணை

ஆகஸ்டு மாதம் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குத் துறைமுக மருத்துவ அறையில் என் மைத்துனன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். 'பணிக்குத் தகுதியுடையவர்' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார்கள். அன்றைய நிலையில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்துக் கால் பங்கு வேலைதான் நடந்துகொண்டிருந்திருக்கும் என்று இப்போது மருத்துவர் கணிக்கிறார். என் முறையீடு இதுதான்: அந்தத் தாளில் சிறுநீரகத்துக்கென்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இரத்த யூரியா' என்று அச்சடித்திருந்தார்கள். ஒரு மனிதனின் சிறுநீரகத்துக்கு ஒரே கேள்வியில் தேர்வு வைத்து, அந்தக் கேள்விக்கான விடையையும் வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வரலாம் என்ற நிலையில் விட்டுவைத்தவர்களை நான் குற்றம் சாட்டுகிறேன்.

அந்த விடையைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆகவே குற்றம் சாட்டப்பட்டோர் வரிசையில் எனக்கும் இடமுண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. ஐம்பத்தொரு வயது. கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுகிறவன். துறைமுகத்தில் அவனைக் 'கழுகு' என்றுதான் அழைப்பார்கள். நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சிற்றறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கும் இடையே குனிந்து கீழே பார்த்தபடியே வேலை செய்ய வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் அப்படிக் குனிந்ததில் முதுகு பழுதாயிற்று. முதுகுக்கு வலி மாத்திரை. சிறுபிள்ளைகள் மிட்டாய் வைத்திருப்பதைப் போலச் சட்டைப்பையில் வைத்திருப்பான். ஒரு நாளைக்கு மூன்று. கப்பல் நெருக்கடி என்றால் ஐந்து. மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏற இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆகவே வேலை நாள்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டான். அதைப் பெருமையாக வேறு சொல்வான்.

"ஒட்டகம் எங்கிட்ட டியூஷன் வரணும் அத்தான்."

ஜூலை மாத இறுதியில் ஆண்டுப் பரிசோதனை நடந்தது. இரத்த யூரியா எழுபத்தெட்டு. ஐம்பதுக்கு மேல் இருந்தால் கிரேனில் ஏறக் கூடாது என்பது விதி. மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனை. அதிலும் குறையவில்லையென்றால் நிரந்தரமாகத் தரை வேலை. அதுவரை வாயிலில் நின்று உள்ளே வரும் லாரிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும்படி அவனை அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவனும் அவன் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவன் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு இயந்திரங்களைப் போட்டு, தொழிற்சாலைச் சீருடைகள் தைக்கிறவள். அதிகம் பேசாதவள். அன்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதாள்.

"அண்ணே, இவரு மூணு நாளா யாருகூடவும் பேசல. சாப்பாட்டுத் தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காரு."

"நீ வேற ஏன் ஒப்பாரி வைக்கிற? நான் இன்னும் இருக்கேன்ல?" என்றான் மைத்துனன். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஏன் அத்தான், இந்த யூரியாங்கிறது வயலுக்குப் போடுற உரந்தானே? எனக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நீ திங்கிற தீனிக்கு உனக்குள்ள ஒரு ஃபேக்டரியே ஓடும்டா," என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவன் தலையைத் தடவினாள். அவளுக்கு அவன் தம்பி மட்டுமல்லன். தாயை இழந்த நான்கு வயதுக் குழந்தையாக அவள் கைக்கு வந்தவன்.

"வாசல்ல நிக்க வச்சுட்டாங்கக்கா. லாரிக்காரனுங்க எல்லாம் ஹாரன் அடிச்சுக் கேக்குறானுங்க, 'என்னய்யா கழுகு, றெக்கைய வெட்டிட்டாங்களா?'ன்னு. மேல ஏறலன்னா நான் யாருக்கா? ஒண்ணுமே இல்ல."

அவன் பயம் அந்த அறையிலிருந்து துரத்தப்படுவது பற்றியது. எங்கள் பயம் முதலில் வேறாகத்தான் இருந்தது. எழுபத்தெட்டு என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு ஒரு மரணம் நினைவுக்கு வந்தது. என் உடன் பணியாற்றிய கணித ஆசிரியர் சிறுநீரகம் பழுதாகி இறந்தவர். கடைசி வாரங்களில் அவர் முகம் எப்படி ஊதியிருந்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் நான் சிறுநீரகத்துக்காகவே பயந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் எனக்குப் பழக்கமான ஒரு வடிவத்துக்கு மாறிக்கொண்டது. மூன்று வாரம், ஒரு கேள்வி, ஐம்பது என்ற எல்லை. இதைவிட மோசமான நிலையில் வந்த மாணவர்களை நான் கரையேற்றியிருக்கிறேன்.

அலமாரியிலிருந்து மேல்வகுப்பு உயிரியல் நூலை எடுத்தேன். அரைப் பக்கம்தான் இருந்தது. நாம் உண்ணும் புரதம் உடலில் சிதையும்போது மிஞ்சும் கழிவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. இரத்தத்தில் கலக்கும் யூரியாவைச் சிறுநீரகம் பிரித்து வெளியேற்றுகிறது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயரும். இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நான் கைதட்டினேன் என்று சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது.

"இவன் தண்ணியே குடிக்கிறதில்ல. மூணு வேளையும் கறி, மீன், முட்டை. அப்புறம் யூரியா ஏறாம என்ன செய்யும்? புரதத்தக் குறைச்சு, தண்ணிய ஏத்தினா, தானா இறங்கும்."

"அப்ப கிட்னி நல்லாத்தான் இருக்கா அண்ணே?" என்றாள் தையல்காரி.

"கிட்னிக்கு என்ன? அதுக்கு வேலை அதிகம், அவ்வளவுதான்."

அந்த வாக்கியத்தை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே இட்டுக்கட்டியது.

அன்று பிற்பகலிலேயே பெரிய தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, இருபத்தொரு கட்டங்கள் வரைந்தேன். முதல் வாரம் இறைச்சியும் மீனும் நிறுத்தம். இரண்டாம் வாரம் முட்டை, பால், பருப்பு ஆகியனவும் நிறுத்தம். மூன்றாம் வாரம் சோறு, பூசணி, பழம் மட்டும். தண்ணீர் நாளொன்றுக்கு மூன்றரை லிட்டர், எட்டுத் தவணைகளில், மணி குறித்து. பத்தாம் நாள் வெளி ஆய்வகத்தில் மாதிரித் தேர்வு. கடைசி மூன்று நாள்கள் திருப்புதல், அதாவது தண்ணீர் நான்கு லிட்டர்.

மைத்துனன் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதைப்போல நடித்தான்.

"அத்தான், பிட்டு கிட்டு எடுத்துட்டுப் போலாமா?"

"வாய மூடு. இத அப்படியே செய்யணும்."

"பள்ளிக்கூடத்துல நான் ஃபெயிலான கணக்கையெல்லாம் இப்ப வட்டியோட வாங்கப் பாக்குறீங்க."

எல்லாரும் சிரித்தோம். என் மனைவிகூடச் சிரித்தாள்.

அவன் அட்டவணையை ஒரு வரி பிசகாமல் நிறைவேற்றினான். வாயிலில் நின்றதால் கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் குடிக்கத் தடையில்லை. பத்தாம் நாள் நானே அவனுடன் ஆய்வகத்துக்குப் போனேன். கடைத்தெருவில் மாடியில் இருந்த சிறிய ஆய்வகம் அது. இரத்தம் எடுக்கும் பெண் அவன் முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டிக்கொண்டே சீட்டைப் பார்த்தாள்.

"யூரியா மட்டுமா? கிரியேட்டினின் போடலையா? யூரின்ல புரோட்டீன் போகுதான்னு பாக்கலையா?"

"அவங்க ஃபாரத்துல யூரியா மட்டும்தான் இருக்கும்மா," என்றேன்.

"நான் ஃபாரத்துக்குக் கேக்கல சார். கிட்னிக்குக் கேக்குறேன்."

மைத்துனன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் 'எடுத்துவிடலாமே' என்பதும் இருந்தது. 'வேண்டாம்' என்பதும் இருந்தது. முடிவை என்னிடம் விட்டான். அப்போது நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் இங்கே எழுதுகிறேன்.

"சிலபஸ்ல இல்லாத கேள்விய நாமளே ஏம்மா கேட்டு வாங்கணும்?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு ஊசியைக் குத்தினாள். ஒரு குப்பி இரத்தம். அதே குப்பியில் அந்த இரண்டாவது எண்ணும் இருந்தது. கேட்டிருந்தால் அன்று மாலையே வந்திருக்கும்.

மாலையில் வந்தது யூரியா மட்டும்: ஐம்பத்தொன்பது. எழுபத்தெட்டு, ஐம்பத்தொன்பது என்று இரண்டு புள்ளிகளை வைத்து, நான் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். தேர்வு நாளன்று அது நாற்பத்தைந்துக்கு அருகில் வந்து நின்றது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சியாக இருந்தது.

பதினான்காம் நாள் தையல்காரி என்னைத் தேடி வந்தாள். கையில் அவனுடைய கால்சட்டை.

"அண்ணே, இடுப்புல ரெண்டு இன்ச்சு பிடிச்சுட்டேன். இளைச்சுட்டாரு."

"சாப்பாடு குறைஞ்சா இளைக்கத்தானே செய்யும்?"

"அது சரிண்ணே. ஆனா கணுக்கால்ல பிரிச்சு விட வேண்டியிருக்கு. சாக்ஸ் கழட்டினா வரி வரியா பள்ளம் விழுந்திருக்கு. விரலால அமுக்கினேன், குழி அப்படியே நிக்குது. உடம்பு இளைச்சா எல்லா இடத்துலயும்தானே இளைக்கணும்? நான் இருபது வருஷமா உடம்ப அளக்குறவ. இந்த மாதிரி அளவு எனக்கு வந்ததே இல்ல."

அவள் சரியான கேள்வியைக் கேட்டாள். பாடத்தை ஒழுங்காகக் கவனித்த மாணவி கேட்கும் கேள்வி அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தண்ணீர் அதிகமாகக் குடிப்பதால் காலில் கொஞ்சம் தேங்கும் என்றேன். அவள் கால்சட்டையை மடித்து, மேலும் மடித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஆக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நுரை நுரையா வேற போகுதாம்ணே. சோப்புத் தண்ணி ஊத்தின மாதிரின்னு சிரிக்கிறாரு."

"இன்னும் ஒரு வாரந்தானேம்மா," என்றேன்.

ஆகஸ்டு பதினெட்டு. நாற்பத்தேழு. முத்திரை குத்திய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் நேரே கிரேனில் ஏறினான். மேலே போனதும் எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். அது விதிக்குப் புறம்பானது.

"அத்தான்! மேல இருக்கேன். வாசல்ல இருக்கிறவனுங்க எல்லாம் எறும்பு மாதிரி தெரியிறானுங்க. பாஸ் பண்ண வச்சுட்டீங்க, அத்தான்!"

என் மனைவி தொலைபேசியைப் பிடுங்கிப் பேசினாள். பேச்சு பாதியிலேயே அழுகையாயிற்று. நான் சன்னலருகே போய் நின்றேன். என்னிடம் படித்து முதல் மதிப்பெண் பெற்றவர்களைப் பற்றியும் எனக்கு அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

தேர்வு முடிந்த மாணவன் புத்தகத்தை என்ன செய்வானோ, அதையே அவனும் அட்டவணைக்குச் செய்தான். மறுநாள் முதல் கறி, மீன். மேலே ஏறியதும் பழையபடி வறண்ட தொண்டை. முதுகு வலிக்கு மாத்திரை. இப்போது ஐந்து போதாமல் ஏழு. அக்டோபரில் உடம்பெல்லாம் அரிக்கிறது என்றான். நவம்பரில் வாயில் ஆணியைச் சப்பியதைப்போல ருசி இருக்கிறது என்றான். டிசம்பர் இறுதியில் தையல்காரி தொலைபேசியில் அழைத்தாள்.

"ரெண்டு நாளா விக்கல் நிக்கலண்ணே. காலையில எழுந்ததும் வாந்தி. டாக்டர்கிட்ட போலாம்னா, ஆகஸ்டுலதானே பாஸானேன்னு சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொன்னேன். அவனைத் திட்டவும் செய்தேன். ஆனால் தொலைபேசியை வைக்கும்போது என் மனத்துக்குள்ளும் அந்த நாற்பத்தேழு நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தேழு வாங்கியவனுக்குச் சிறுநீரகக் கோளாறு எப்படி வரும்? வயிறாகத்தான் இருக்கும். அடுத்த விடுமுறையில் போகிறேன் என்றான். நான் அதற்கு ஒத்துக்கொண்டேன்.

ஜனவரி பத்தொன்பது, நண்பகல் பன்னிரண்டரை மணி. அழைத்தவள் தையல்காரி. குரலே இல்லை, மூச்சுதான் கேட்டது.

"அண்ணே... மேல நின்னுடுச்சாம்... இவரு இறங்கல."

துறைமுக வாயிலுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. உள்ளே நுழைய எங்களுக்கு அனுமதியில்லை. அங்கிருந்தே தெரிந்தது: ஒரு சிவப்புப் பெட்டி, கப்பலின் மேல்தளத்துக்கு மேலே, நடுவானில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கடியில் இருந்தவர்களையெல்லாம் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். காற்றுக்கு அது இலேசாகத் திரும்பும். பிறகு பழைய இடத்துக்கு வரும். கம்பியின் மறுமுனையில் என் மைத்துனன்.

கம்பியில்லாக் கருவியைக் காதில் வைத்திருந்த மேற்பார்வையாளர் எங்களிடம் வந்தார்.

"காலும் கையும் வரமாட்டேங்குதுன்னு சொல்றாரு. பேசுறாரு, ஆனா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாரு. பெட்டி விழாம பிரேக்கப் போட்டுட்டாரு, அதுவே பெரிய விஷயம். நீங்க அவரோட அப்பாங்களா?"

"அக்கா வீட்டுக்காரர்."

"இதுக்கு முன்னாடி உடம்பு சரியில்லாம இருந்தாரா? ஃபிட் சர்டிஃபிகேட் இருக்கே!"

தையல்காரி என் பக்கம் திரும்பவே இல்லை.

அவனை ஓர் இரும்புக் கூண்டில் கிடத்தி, கயிற்றில் கீழே இறக்க ஐம்பது நிமிடங்கள் ஆயின. ஐம்பது நிமிடங்களும் நான் அந்தக் கூண்டைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்தியில் ஏற்றும்போதுதான் அவன் முகத்தைக் கிட்டே கண்டேன். இமைகள் தடித்திருந்தன, அவன் மூச்சில் கழிப்பறை நெடி அடித்தது.

"அக்காகிட்ட சொல்லாதீங்க அத்தான்," என்றான். அதற்குள் இரண்டு முறை விக்கினான்.

மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயதுக்குள் இருக்கும். எங்களை உட்காரச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை. நின்றபடியே எண்களைச் சொன்னார். யூரியா இருநூற்று முப்பத்தாறு. கிரியேட்டினின் பதினொன்று புள்ளி நான்கு. பொட்டாசியம் ஏழு.

"இந்த மூணாவதுதான் இப்ப ஆபத்து. இந்த அளவுல இதயம் எந்த நிமிஷமும் நின்னு போகலாம். உடனே டயாலிசிஸ் மெஷின்ல போடுறோம். கையெழுத்துப் போடுங்க."

என் மனைவி வந்துவிட்டிருந்தாள். யார் சொன்னார்களோ தெரியவில்லை. தையல்காரி கையெழுத்துப் போட முடியாமல் பேனாவைக் கீழே விட்டாள். என் மனைவிதான் அவள் கையைப் பிடித்து எழுத வைத்தாள். பிறகு கதவு மூடியது. கதவுக்கு அப்பால் இயந்திரம் ஒன்று குறிப்பிட்ட இடைவெளியில் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த ஒலி சற்றுத் தாமதமானாலும் மூவரும் நிமிர்ந்து பார்த்தோம். பேச வாயெடுத்தால் என் பெயர் வந்துவிடும் என்று மூவருக்குமே தெரிந்திருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவர் வெளியே வந்தார். பொட்டாசியம் இறங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். பழைய அறிக்கைகளைக் கேட்டார். தையல்காரி கோப்பைக் கொடுத்தாள். அதற்குள் முத்திரைத் தாளும் ஆய்வகச் சீட்டுகளும் இருந்தன. அவற்றோடு மடித்து வைத்த அட்டவணையும் இருந்தது. மருத்துவர் அதை விரித்து நிதானமாகப் படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க சார்." அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே சொன்னார். "இதுல இருக்கிறது எதுவுமே பொய்யில்ல. புரோட்டீனக் குறைச்சா யூரியா குறையும், தண்ணி குடிச்சா இன்னும் கொஞ்சம் குறையும். குறைஞ்சிருக்கு. இப்படிப் பாருங்க. உங்க தெருவுக்குக் குப்பை லாரி வர்றதில்ல. பரிசோதிக்க ஆள் வராங்கன்னு மூணு வாரம் யாருமே குப்பை போடல. தெரு சுத்தமாத் தெரியும். லாரி வந்துச்சா?"

"வரல," என்றேன்.

"வரல. ஸ்கேன்ல ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கு. இது நேத்து இன்னைக்கு வந்தது இல்ல, வருஷக்கணக்கா நடந்தது. வலி மாத்திரை, பிரஷர், தண்ணியில்லாம வேலை பாத்தது, எல்லாந்தான். ஆகஸ்டுல கிரியேட்டினின் பாத்திருந்தா மூணோ நாலோ வந்திருக்கும். அது தசையிலருந்து வர்றது; மூணு வாரச் சாப்பாட்ட வச்சு அத இந்த அளவுக்கு மறைக்க முடியாது. யூரின்ல புரோட்டீன் போறதும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப தெரிஞ்சிருந்தா என் தம்பிக்குச் சரியாகியிருக்குமா டாக்டர்?" என்றாள் என் மனைவி. நான் கேட்கத் துணியாத கேள்வி அது.

"போனது திரும்பி வந்திருக்காதும்மா. ஆனா வலி மாத்திரைய அன்னைக்கே நிறுத்தியிருப்போம். பிரஷருக்கு மருந்து குடுத்திருப்போம். இவர் எழுதியிருக்கிற சாப்பாடுகூட, அளவு பாத்து நாங்களே சில பேருக்குச் சொல்றதுதான். அத டெஸ்டுக்காக மட்டும் சாப்பிட்டதுதான் தப்பாப் போச்சு. இருந்த கால்வாசிய வச்சு இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம்."

சில வருஷம். என் மனைவி அதைத் திரும்பச் சொல்லவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அன்று முதல் இன்றுவரை அவள் என்னை ஒரு சொல்லால்கூடக் குறை சொன்னதில்லை. உணவு பரிமாறுகிறாள், என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாள். எனக்கு அது தாங்க முடியாத தண்டனையாக இருக்கிறது.

மைத்துனன் உயிரோடு இருக்கிறான். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கிறான். இனி ஒருபோதும் கிரேனில் ஏறமாட்டான். இந்தக் கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். என் அவமானத்தோடு வீட்டுக்குள் இருந்திருப்பேன்.

சென்ற புதன்கிழமை அவனுடன் வேலை பார்த்த மூன்றாம் எண் கிரேன்காரர் அவனைப் பார்க்க வந்தார். 'நெட்டை' என்பார்கள். கையில் பழப்பையோடு கட்டிலருகே நின்றவர், என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"வாத்தியாரே, உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்க அட்டவணை சூப்பர். எனக்கு அறுபத்தாறு இருந்துச்சு. நாப்பத்தொண்ணுக்குக் கொண்டு வந்துட்டேன்ல!"

அவர் தொலைபேசியைத் திறந்து காட்டினார். திரையில் என் கையெழுத்து. நான் போட்ட கோடுகள். மேலே யாரோ 'நூறு சதவீதம் வெற்றி' என்று சேர்த்திருந்தார்கள்.

"இது உங்ககிட்ட எப்படி..."

"கழுகுதான் அப்பவே போட்டோ எடுத்து எங்க குரூப்ல போட்டானே. அங்கருந்து லாரிக்காரங்க குரூப்புக்குப் போச்சு. டேங்கர் ஓட்டுறவங்க, பஸ் டிரைவருங்க, எல்லார்கிட்டயும் இருக்கு. என் கொழுந்தியா வீட்டுக்காரன் வேற ஊரு, அவன் எனக்கே இத அனுப்புறான்னா பாத்துக்கோங்களேன்!"

மைத்துனன் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றான். கையில் குழாய் இழுத்தது.

"டேய் நெட்டை, போய் அந்த இன்னொரு டெஸ்ட எடுடா. கிரியேட்டினின். இன்னைக்கே எடு."

"எடுத்துட்டு? உன்ன மாதிரி இங்க வந்து படுக்கவா?"

"எடுக்காமத்தான்டா நான் இங்க வந்து படுத்திருக்கேன்!"

நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். காலுறையின் விளிம்பு சதைக்குள் ஆழமாகப் பதிந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஜூலை மாதம் என் வீட்டுக்கு வந்த மைத்துனனின் முகம் அது.

"அழிச்சுடுங்க," என்றேன். "தயவுசெஞ்சு அழிச்சுட்டு, டாக்டரப் பாருங்க. நான் கூட வர்றேன். இப்பவே போலாம்."

"எனக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரே. பாஸாயிட்டேன்." பழப்பையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். வாசல்வரை பின்னால் ஓடினேன். அறுபத்தெட்டு வயதுக் கால்கள். எட்டிப் பிடிக்க முடியவில்லை.

துறைமுக மருத்துவ அறைக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். 'நடைமுறையிலுள்ள படிவம் போதுமானது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வரியை எழுதியவருக்கு எத்தனை பேருடைய உயிர் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறது என்பது தெரியாது. எனக்கும் தெரியாது. என் கையெழுத்து இந்த நிமிடம் யாருடைய திரையில் இருக்கிறது, யார் பூசணியைத் தின்றுகொண்டு மணி பார்த்துத் தண்ணீர் குடிக்கிறார்கள், யாருடைய மனைவி காலுறைத் தடத்தை விரலால் அமுக்கிப் பார்க்கிறாள் என்பதை அறிய எனக்கு வழியில்லை. வகுப்பில் தவறாக எழுதியதைக் கரும்பலகையில் அழித்துவிட்டுத் திருத்தி எழுதலாம். இதை என்னால் அழிக்க முடியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தொலைபேசியை எடுங்கள். இருபத்தொரு கட்டங்கள் கொண்ட அந்தத் தாள் அதில் இருந்தால், உங்களுக்கு அனுப்பியவரிடமும் நீங்கள் அனுப்பியவர்களிடமும் அது தவறென்று சொல்லிவிட்டு அழியுங்கள். அது உங்களிடம் இல்லையென்றாலும் வீட்டிலுள்ள பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் யூரியா மட்டும் இருந்தால், அது எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் நம்பாதீர்கள். பரிசோதனைக்கென்று எந்த உணவையும் நிறுத்தாமல், தண்ணீரைக் கூட்டாமல், அன்றாடம் உண்டு குடிப்பதைப் போலவே உண்டு குடித்துவிட்டு, நாளைக் காலையில் போய்க் கையை நீட்டுங்கள். கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். படிவத்தில் கட்டம் இல்லை என்பார்கள். ஓரத்தில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். வருகிற எண்ணை என்னைப் போன்ற ஆளிடம் காட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். நாளைக் காலையிலேயே போங்கள்.